செபப்புத்தகத் தோல்

புதுச்சேரி
1935 மே 4

அன்புள்ள யூஜின் சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த படமும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. தபால்காரர் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா உறையைத் திருப்பி உங்கள் பெயரைப் பார்த்தார். என் பிரெஞ்சு அகராதியின் மேல் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நான் உங்களுக்கு எழுதுவதை அவர் தடுப்பதும் இல்லை, என்ன எழுதினாய் என்று கேட்பதும் இல்லை. அவர் பார்த்துக் கொடுத்த நகல் எழுதும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நீங்கள் சைகோன் கப்பலில் ஏறியதிலிருந்து இப்படித்தான் இருக்கிறார்.

படத்தை நான் முதலில் தலைகீழாகப் பார்த்துவிட்டு, பிடி வளைந்த கைத்தடி என்று நினைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, அடுப்புல கரி தள்ற கம்பியாட்டம் இருக்குது" என்றார். பிறகு உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள். கோல்ப் மட்டையின் தண்டு மரம். கீழே பந்தை அடிக்கும் இரும்புத் தலை. மேலே கையால் பிடிக்கும் இடத்தில் நீளமான ஒரு தோல் பட்டையைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றியிருக்கிறார்கள். நீங்கள் இருக்கும் தாலாத் மலையில் மழையும் பனிமூட்டமும் அதிகம் என்பதால் அந்தத் தோல் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, இப்போது கண்ணாடிபோல் வழுக்குகிறது. பந்தை அடிக்கும்போது மட்டை கைக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அதனால் எல்லா மட்டைகளுக்கும் புதுத் தோல் சுற்ற வேண்டும். எந்தத் தோல் நல்லது என்று இங்கே பார்த்து நான் வாங்கி அனுப்ப வேண்டும்.

நான் கோல்ப் விளையாட்டைக் கண்டதில்லை. எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள கலைக்களஞ்சியத்தில் தேடினேன். ஸ்காட்லாந்து மன்னர் ஒருவர் அதைத் தடை செய்தார் என்று இருக்கிறது. கைப்பிடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடுகிறவர்கள் கையுறை போடுகிறார்களா? மட்டையை ஒரு கையால் பிடிக்கிறார்களா, இரண்டு கைகளாலுமா? பட்டை எத்தனை விரல் அகலம் இருக்க வேண்டும்? பழைய தோல் மாடா, ஆடா? அதில் ஒரு துண்டு வெட்டி அனுப்பினால் நல்லது.

மதர் சுப்பீரியர் நான் அடுத்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கும் ப்ரெவே பரீட்சை எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் அண்ணன் மகள்
ரோசா

---

தாலாத்
1935 மே 20

ரோசா கண்ணு,

கடைக்காரன்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டான். பதில் சொல்கிறேன். இரண்டு கையாலும் பிடிப்பார்கள். சிலர் ஒரு கையில் உறை போடுவார்கள், பலர் போடமாட்டார்கள். பட்டை இரண்டு விரல் அகலம். பழைய தோலில் துண்டு வைத்திருக்கிறேன், முகர்ந்து பார்க்காதே. மாடோ ஆடோ, எனக்குத் தெரியாது. பாரிஸிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

நான் இங்கே கோல்ப் கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு மட்டை தூக்குவதாக அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் தூக்குவதில்லை. மட்டை அறை என் பொறுப்பு. ஆட்டம் முடிந்து வரும் மட்டைகளைத் துடைத்து, இரும்புக்கு எண்ணெய் போட்டு, யாருடையதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள்வேன். சொந்த மட்டை இல்லாமல் சைகோனிலிருந்து வருகிறவர்களுக்குக் கிளப்பின் மட்டைகளைக் கொடுப்பேன். வழுக்குவது அந்த மட்டைகள்தான்.

விஷயம் இது. கிளப்புக்குப் புதிதாக ஒரு செக்ரெத்தேர், அதாவது செயலாளர், வந்திருக்கிறார். முசியே பெர்தியே என்று பெயர். அதிகம் பேசமாட்டார். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசியத் திருநாளுக்குப் பெரிய பந்தயம் வைத்திருக்கிறார். பாரிஸுக்கு எழுதித் தோல் வரவழைக்க நேரம் இல்லை. "உன்னால் ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று என்னைக் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். நான் இதுவரை தற்காலிக ஆள். பந்தயம் நல்லபடியாக முடிந்தால் என்னை நிரந்தரமாக்க எழுதுவதாகச் சொன்னார். இல்லையென்றால் பருவம் முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான் வேறு எங்கே போவேன்? புதுச்சேரிக்கு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டியதுதான். அதைவிட இந்த மலையில் பந்து பொறுக்கலாம்.

ஆகையால் நன்றாகப் பார்த்து எடு. சைகோனில் கேட்டுப் பார்த்தேன், எருமைத் தோலைக் காட்டுகிறார்கள். அவ்வளவு விறைப்பு, அதைக் கொண்டு கதவில் ஆணி அடிக்கலாம்.

சித்தப்பா
யூஜின்

---

புதுச்சேரி
1935 ஜூன் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தோல் இன்று பார்சலில் போகிறது. எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய துண்டை முகர்ந்து பார்த்தேன். பார்க்காதே என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

முதலில், மனிதர்கள் எந்தத் தோலை அதிக நேரம் கையில் பிடிக்கிறார்கள் என்று யோசித்தேன். செருப்புத் தோல் காலுக்கு. குதிரைச் சேணத் தோலில் ஆள் உட்காருகிறார். தண்ணீர் இறைக்கும் தோலை யாரும் பிடிப்பதில்லை, கயிற்றைத்தான் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சம்பா கோவிலில் இரண்டாம் பூசைக்கு உட்கார்ந்திருந்தபோது பதில் கிடைத்தது. என் முன் வரிசையில் இருந்த எல்லோர் கையிலும் செபப்புத்தகம் இருந்தது. இந்த வெயிலில், அத்தனை கூட்டத்தில், வேர்வையோடு, பிரசங்கம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்தும் நழுவவில்லை. அம்மாவின் புத்தகம் அவருடைய கல்யாணத்துக்கு முன் வாங்கியது. அட்டை இன்றைக்கும் பிரியவில்லை.

பூசை முடிந்ததும் மிஷன் வீதியில் புத்தகம் கட்டும் ராஜாங்கத்தின் கடைக்கு அம்மாவோடு போனேன். செபப்புத்தகத்துக்குப் போடும் சிவப்பு வெள்ளாட்டுத் தோலைக் கேட்டேன். அவர் எத்தனை புத்தகம் என்று கேட்டார். புத்தகம் இல்லை, குச்சிக்கு என்றேன்.

"இன்னா குச்சி?"

"பந்தடிக்கிற குச்சி."

"குச்சிக்கு ஏம்மா இந்தத் தோலு? சாமி புத்தகத்துக்குப் போடறது."

"கைல நல்லா நிக்குமா?"

"நிக்கும். கைல புடிக்கத்தான பொறந்துது அது" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "படிக்கிற பொண்ணுங்களே இப்படித்தாம்மா" என்றார். அம்மா தலையை ஆட்டினார்.

தோல் மெல்லியது, ஆனால் உறுதி. மேல்பக்கம் மணல்போல் பொடிப்பொடியாக இருக்கிறது, விரல் அதில் பிடித்துக்கொள்கிறது. நிறம் நல்ல சிவப்பு, பிரெஞ்சுக் கொடியில் இருப்பதுபோல். தேசியத் திருநாளுக்கும் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பட்டைகளை ராஜாங்கமே நேராக வெட்டிக் கொடுத்தார். ஓரங்களைச் சீவி மெல்லியதாக்கியிருக்கிறார். சுற்றும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் மேடு தட்டாது.

அப்பா மேசை மேல் இருந்த தோலைப் பார்த்தார். "யாருக்குப் புத்தகம்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா, "உங்க தம்பிக்கு" என்றார். அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ரோசா

---

தாலாத்
1935 ஜூலை 2

ரோசா,

உன் தலையில் இருப்பது சாதாரண மூளை இல்லை. தோல் வந்தது. பிரித்ததும் மட்டை அறையே பூசைக்கு அலங்கரித்ததுபோல் ஆகிவிட்டது.

சுற்றுவது சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். முதல் மட்டையில் மூன்று முறை பிரித்துச் சுற்றினேன். இப்போது வழி பிடிபட்டுவிட்டது. ஒட்டுவதற்குத் தண்டில் கீல் தடவி, மேலே துணி நாடா சுற்றி, அதன் மேல் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். இழுப்பு எங்கேயும் தளரக் கூடாது. தும்மல் வந்தால் போச்சு. இரண்டு முனையிலும் மெழுகு நூலால் கட்டி முடிச்சை உள்ளே தள்ளிவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு எல்லா மட்டைகளையும் நானே முடித்தேன். கை கொப்பளம்.

முசியே பெர்தியே வந்து ஒன்றை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். "யார் செய்தது?" என்று கேட்டார்.

இங்கே நான் ஒன்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. "புதுச்சேரியில் மெசோன் ரோஸ் என்று ஒரு பழைய கடை, தோல் வேலையில் பேர் போனது, அவர்கள் தங்கள் ஆளை அனுப்பிச் சுற்றிக் கொடுத்தார்கள், ஆள் நேற்றே திரும்பிவிட்டான்" என்று சொன்னேன். அவர், "அப்படியா, நல்ல வேலை" என்றார். மட்டையை இன்னொரு முறை வீசிப் பார்த்தார்.

நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. இந்த ஊர் உனக்குத் தெரியாது. மட்டை அறை ஆள் கொல்லை அறையில் உட்கார்ந்து சுற்றினான், தோலைத் தேர்ந்தெடுத்தது அவன் அண்ணன் மகள், பள்ளியில் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தால், கையில் எடுக்கும் முன்பே எங்கே பிரிந்திருக்கிறது என்று தேடுவார்கள். மெசோன் என்றால் யாரும் தேடமாட்டார்கள். உன் பெயரில் ஒரு கடை வந்துவிட்டது என்று சந்தோஷப்படு.

பந்தயம் முடிந்ததும் எழுதுகிறேன். அண்ணியிடம் சொல், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

யூஜின்

---

தாலாத்
1935 ஜூலை 16

ரோசா,

சாயம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறல். கொடி ஏற்றினார்கள், பாட்டுப் பாடினார்கள், ஆட்டம் தொடங்கியது. பந்து விழ வேண்டிய மூன்றாவது குழிக்குப் போகும்போது ஒரு டாக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு எங்கே வெட்டிக்கொண்டோம் என்று தேட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் உதவி செய்ய வந்தார். அவர் கையும் சிவப்பு. அப்போதும் யாருக்கும் புரியவில்லை. ஒரு பொறியாளரின் மனைவி, வெள்ளைப் பட்டு கவுன், அந்த அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார். கையை எடுத்தபோது ஐந்து விரலும் கவுனில் இருந்தன. அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முசியே பெர்தியே கத்தவில்லை. கிளப்பின் மட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கி அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "உன் மெசோன் ரோஸுக்கு எழுது. இப்படி ஏன் ஆயிற்று என்று அவர்கள் எனக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் உன் விஷயம்" என்றார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. தோல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் நனைத்துப் பார்க்கவில்லை.

இப்போது நீ ஒன்று செய்ய வேண்டும். உன் கையெழுத்து பெரிய ஆள் கையெழுத்துப்போல இருக்கும், பிரெஞ்சும் என்னைவிட நன்றாக எழுதுவாய். நல்ல தாளில் மெசோன் ரோஸ் என்று மேலே போட்டு ஒரு கடிதம் எழுது. சாயக்காரன் ஏமாற்றிவிட்டான், எங்கள் கடையில் இப்படி நடந்ததே இல்லை, வருந்துகிறோம், இப்படி ஏதாவது. கையெழுத்துக்குக் கீழே புரியாதபடி ஒரு கிறுக்கல் போதும். உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை. இது இல்லையென்றால் என் வேலை போயிற்று.

யூஜின்

---

புதுச்சேரி
1935 ஆகஸ்டு 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. வேறு கடிதம் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தயவுசெய்து முதலில் இதை முழுவதும் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் செபப்புத்தகத்தை எடுத்து ஈரக் கையால் பிடித்துத் திருகினேன். கை சிவந்துவிட்டது. கோவிலில் புத்தகத்தை யாரும் திருகுவதில்லை, மழையில் நிற்பதும் இல்லை. பிடிப்பதைப் பற்றி யோசித்தேனே தவிர, நனைவதைப் பற்றி யோசிக்கவில்லை. பிழை அங்கேதான். சாயக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் புத்தகத்துக்குத்தான் சாயம் போட்டார்.

அதனால் இந்த முறை நனைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தோல் விற்கும் இராமதாஸிடம் சாயம் போடாத தோல்களாகக் கேட்டு வாங்கினேன். கொசுவலைக் கம்புகள் நான்கைக் கழற்றினேன். உங்கள் கடிதத்தில் இருந்தபடி, துணி நாடா, அதன் மேல் தோல், முனையில் மெழுகு நூல் என்று சுற்றினேன். முதல் கம்பில் செம்மறித் தோல், வெள்ளையாக, பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும். இரண்டாவதில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட வெள்ளாட்டுத் தோல், இளமஞ்சள். மூன்றாவதில் கன்றுத் தோல், ஆனால் உள்பக்கம் வெளியே தெரியும்படி. அது சொரசொரப்பு, பார்க்க அழகில்லை. நான்காவது தோல் இல்லை, கனகசெட்டிக்குளத்து மீனவர்கள் துடுப்பில் சுற்றும் கயிறு.

வாளித் தண்ணீரில் கையை நனைத்து நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். அம்மா மறுமுனையைப் பிடித்துத் திருகி இழுப்பார். அம்மா ஒவ்வொரு தடவையும், "அக்கம்பக்கத்துல பாத்தா இன்னாடி நெனைப்பாங்க" என்று கேட்டுக்கொண்டே இழுத்தார். கயிறு வழுக்கவில்லை, ஆனால் உள்ளங்கை எரிந்தது. செம்மறித் தோல் நனைந்ததும் சோப்புப்போல் ஆகிவிட்டது. இரண்டாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. என் கை சின்னது. மேலே தண்ணீர் ஊற்றினால்தான் நனைகிறது. ஆடுகிறவர்கள் பெரியவர்கள். வேர்வைக் கை என் கை மாதிரி இருக்காது. வீட்டில் வேர்க்கும் கை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். கோர்ட்டில் நகல் எழுதும்போது தாள் நனைந்துவிடாமல் இருக்க அப்பா இப்போதும் கைக்கடியில் ஒற்றுத்தாள் வைத்துத்தான் எழுதுகிறார்.

அப்பா கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிய உடனே கம்புகளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னாது?"

"இதப் புடிச்சுப் பாருங்கப்பா. எது வழுக்குதுன்னு சொல்லுங்க."

"அவனுக்கா?"

"ஆமாம்ப்பா."

"அவன் கைக்கு எதக் குடுத்தாலும் வழுக்கும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

நான் கம்புகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். உங்கள் கடிதமும் மேசை மேல்தான் இருந்தது, சாயம் போன கடிதம். நான் அதை மறைத்து வைக்கவில்லை. அப்பா காப்பி குடித்தார். அம்மாவிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டார். பிறகு மேசைப் பக்கம் வந்து அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். கவுன் விஷயம் வரும் இடத்தில் அவர் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கினால்தான் அவருக்கு அப்படி ஆகும்.

கடிதத்தை வைத்துவிட்டு ஒரு கம்பை எடுத்தார்.

"ஏய், இங்க வா. இந்த மொனையப் புடிச்சு இழு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"காலைலருந்து உங்க பொண்ணுக்கு இழுத்தேன். இப்ப உங்களுக்கா?" என்றார் அம்மா.

"இழுன்னா இழு."

நான்கையும் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதை இரண்டு தடவை பார்த்தார். "இது கைய விட்டுப் போவாது. மத்த தோலெல்லாம் வேர்த்தா போயிடும்" என்றார். "இரண்டாவது நல்லா இல்லையாப்பா?" என்று கேட்டேன். "உனக்கு வேர்க்காது, நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

இப்போது முசியே பெர்தியேவுக்கு எழுதிய கடிதம். அதில் இருப்பது இது. மெசோன் ரோஸ் என்று கடை இல்லை. ரோசா என்பது நான், வயது பதினைந்து, கன்னியர் மடத்துப் பள்ளி மாணவி. சிவப்புத் தோல் புத்தகம் கட்டுவதற்கானது, அதைத் தேர்ந்தெடுத்தது என் பிழை. ஆனால் மட்டைகளில் அதைச் சுற்றியது என் சித்தப்பா, வேறு யாரும் அல்ல. சாயம் போயிருக்கிறது, சரி, மழையில் அத்தனை பேர் அடித்தும் எந்த மட்டையிலாவது சுற்று தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மட்டை சுற்றும் நீளத்தில் நான்கு மாதிரித் துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். உலர்ந்த கைக்கு இரண்டாவது நல்லது என்றும், வேர்க்கும் கைக்கு மூன்றாவது நல்லது என்றும் பார்த்தோம்.

சுற்று தளர்ந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. தளர்ந்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

பொய்க் கடிதம் எழுத எனக்குப் பயம் என்று நினைக்காதீர்கள். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் நல்ல வேலை எல்லாம் கடையுடையது, அந்தக் கடையைக் கூட்டிவந்த கெட்ட பெயர் மட்டும் உங்களுக்கு என்று இருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

உறையை ஒட்டவில்லை. படித்துப் பாருங்கள். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம்.

ரோசா

---

தாலாத்
1935 செப்டம்பர் 3

ரோசா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்று கேட்டால் ஒன்று செய்கிறாள், அப்படியே அண்ணன் புத்தி என்று நினைத்தேன். முசியே பெர்தியேவுக்கு எழுதியதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சுற்றினேன். அவர் எதிரில் வரும்போதெல்லாம் வேறு பக்கம் போனேன். கிழிக்க வேண்டும் என்றுதான் மட்டை அறைக்குள் போனேன்.

போன இடத்தில், பூட்டி வைத்திருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிப் பார்த்தேன். சிவப்பெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்து அசிங்கமாக இருந்தது. ஒரு சுற்றுகூட அசையவில்லை. பந்தயத்துக்குப் பிறகு அவற்றை நான் தொடவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"கடை என்று ஏன் சொன்னாய்?"

"நான் சுற்றினேன் என்றால் நீங்கள் கையில் எடுத்திருக்கமாட்டீர்கள், முசியே."

அவர் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னோடு மட்டை அறைக்கு வந்தார். சிவப்பு மட்டை ஒன்றை எடுத்துப் பலம் கொண்ட மட்டும் திருகினார். இன்னொன்றை எடுத்தார். ஏழெட்டு பார்த்திருப்பார். உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயின, துடைத்துக்கொண்டார். பிறகு நீ அனுப்பிய நான்கு துண்டுகளையும் நான்கு மட்டைகளில் சுற்றச் சொன்னார், தன் கண் முன்னால். நான் சுற்றி முடிக்கும்வரை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. அந்த மழையிலேயே போய் நின்று அடித்தார்.

திரும்பி வந்து மூன்றாவதை மேசை மேல் வைத்தார்.

"இங்கே வேர்க்கும் கை என்று எழுதியிருக்கிறதே, யார் கை?"

"என் அண்ணன் கை."

"அவர் கோல்ப் ஆடுவாரா?"

"ஆடமாட்டார், முசியே. எனக்குக் கடிதமும் எழுதமாட்டார்."

"கையைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஆள்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து நான் நிரந்தரம். தாள் வந்துவிட்டது. சும்மா தரவில்லை. சிவப்பையெல்லாம் உரித்துவிட்டு மூன்றாம் தோலில் நானே சுற்ற வேண்டும். உறுப்பினர்களின் சொந்த மட்டைகளுக்கும் இனிமேல் நான்தான். யார் சுற்றியது என்று யார் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும், மெசோன் என்ற வார்த்தை இந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது. அப்புறம், கவுன்காரம்மாவின் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனேன். அந்த அம்மா வெளியே வரவில்லை. சமையல்காரரிடம் கேட்டுவிட்டு வந்தேன். அவர் மன்னித்துவிட்டார்.

கன்றுத் தோல் நிறைய வேண்டும். உள்பக்கம் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஒரு தோலுக்கும் இன்னொரு தோலுக்கும் வித்தியாசம் இருந்தால் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை உன் கையால் பார்த்துச் சொல்ல முடியாது, நீயே எழுதிவிட்டாய். நான் என்ன கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். அண்ணனிடம் நீயே கேள். நான் கேட்டதாகவே சொல்.

யூஜின்

---

புதுச்சேரி
1935 செப்டம்பர் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்காக உரக்கப் படித்தேன். அப்பாவும் அங்கேதான் சவரம் செய்துகொண்டிருந்தார். "எனக்குக் கடிதமும் எழுதமாட்டார்" என்ற வரி வந்தபோது தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். தாண்டவில்லை. அப்பா கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் அலசினார். கடைசிவரை படித்து முடித்த பிறகு, "எவ்ளோ தோலு வேணுமாம்?" என்று கேட்டார். அளவு எழுதவில்லை, நிறைய என்றுதான் எழுதியிருக்கிறார் என்றேன். "அளவு எழுதாம ஆர்டர் குடுக்கறான் பாரு" என்றார்.

சனிக்கிழமை கோர்ட்டு விட்டதும் அவர் வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பெரிய கடைக்குப் போய்விட்டார், என்னை அம்மாவோடு அங்கே வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது கோட்டோடு, வேர்க்க விறுவிறுக்க, இராமதாஸின் கடையில் கன்றுத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டுவது என்றால் சும்மா இல்லை. ஓரத்தைச் சுருட்டி இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்குவார். பிடிக்காததை இடப்பக்கம் போடுவார். இடப்பக்கம் பெரிய குவியலாகிவிட்டது.

"முசே, செருப்புக்குத்தானே? இவ்ளோ பாக்கணுமா?" என்றார் இராமதாஸ்.

"செருப்புக்கு இல்ல."

"பின்ன?"

"மலைல, மழைல, கைல புடிக்கறது. உங்களுக்குச் சொன்னா புரியாது. அந்தக் கட்டப் பிரிங்க."

"அதுவும் இதே தோலுதான், முசே."

"பிரிங்க. நான் சொல்றேன், இதேவா இல்லியான்னு."

அந்தக் கட்டில் ஒன்று மட்டும் தேறியது. எல்லாம் பார்த்து முடிக்க மாலை ஆகிவிட்டது. கடையில் பொறுக்கி வைத்ததை அம்மா பார்த்துவிட்டு, இவ்வளவு எதற்கு, பாதி போதாதா என்று கேட்டார். அப்பா, "பத்தலன்னா அவன் எழுதி, அது கப்பல்ல வந்து, நாம அனுப்பி, அது மலைக்குப் போய்ச் சேர ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் மட்டைய அம்மணமாவா குடுப்பான்?" என்றார். இராமதாஸ் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. தோல்களை எந்தப் பக்கம் உள்ளே வைத்துச் சுருட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்சலைத் திங்கட்கிழமை அவரே தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டார்.

ரோசா